எழுத்தில் கேளுங்கள்: சென்னையில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்குப் பள்ளி உதவி பெறும் வழி

என் மகன் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, மாலையில் பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே நின்று அவனுடைய வகுப்பாசிரியரிடம் பேசுவேன். "வாசிக்க ரொம்பத் தடுமாறுகிறான் மிஸ், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பேன். "பார்க்கிறேன் அம்மா" என்பார். நல்ல மனுஷி. ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரால் எவ்வளவு பார்க்க முடியும்? நான்காம் வகுப்பில் வேறு ஆசிரியர் வந்தார், அதே பேச்சை முதலிலிருந்து தொடங்கினேன். ஐந்தாம் வகுப்பின் நடுவில், தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். பத்தே நாளில் சிறப்பாசிரியர் ஒருவர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டரை ஆண்டுப் பேச்சு செய்யாததை ஒரு தாள் செய்தது. போன அந்த இரண்டரை ஆண்டை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சென்னையில் உதவிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகள், வட்டார வள மையங்கள், பல்லாண்டு அனுபவமுள்ள சிறப்புப் பள்ளிகள், நல்ல சட்டங்கள் எல்லாம் உண்டு. ஆனால் இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இவற்றை இணைப்பது பெற்றோர் கையில் இருக்கும் கோப்புதான். இன்றே ஒரு கோப்பு வாங்குங்கள். இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் அதற்குள் ஒரு தாள் சேர வேண்டும்.

முதல் படி: வீட்டில் கவனித்து எழுதி வையுங்கள்

பார்வை, செவி, உடல் இயக்கம் தொடர்பான குறைகள் பெரும்பாலும் சிறு வயதிலேயே தெரிந்துவிடும். கற்றல் குறைபாடு அப்படியல்ல. பிள்ளை நன்றாகப் பேசும், கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வரும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் வாடும். "சோம்பேறி", "விளையாட்டுப் புத்தி" என்ற பெயர்கள் அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன.

தமிழ் எழுத்தில் இதை எப்படிக் கண்டுகொள்வது? ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ககரம். காதில் விழுவதோ முதலில் ‘க்’, பிறகு ‘ஒ’. கண் காணும் வரிசை வேறு, காது கேட்கும் வரிசை வேறு. பெரும்பாலான குழந்தைகள் இதை ஓரிரு ஆண்டில் தாண்டிவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தை நான்காம், ஐந்தாம் வகுப்பிலும் கொம்பைத் தவறான எழுத்தோடு சேர்த்துப் படிக்கும். புள்ளியை விட்டுவிட்டு ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என்று எழுதும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும். நேற்று பத்து முறை எழுதிய சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். அது நம் ஊரில் பேசும் வழக்கத்தால் வருவது, எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு.

அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தையானால் இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போதும் குழந்தை அரும்பு நிலையிலேயே இருந்தால் அடுத்த ஆண்டு சரியாகும் என்று விடாதீர்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அந்த ஏற்பாடு பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கிறது, நான் அதை மனதார ஆதரிக்கிறேன். ஆனால் மதிப்பெண் பட்டியலில் ‘தேர்ச்சி’ என்று பார்த்து நிம்மதியடையும் பெற்றோர், மகளுக்கு வாசிக்கவே தெரியவில்லை என்பதை ஒன்பதாம் வகுப்பில் அறிந்து உடைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு மாதம் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன செய்யச் சொன்னீர்கள், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் ஆனது. வாரம் ஒருமுறை பத்துச் சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருங்கள். பிழை திருத்த வேண்டாம். மருத்துவரிடம் "சரியாக எழுத மாட்டேன் என்கிறான்" என்று சொல்வதைவிட இந்த எட்டுப் பக்கங்கள் நூறு மடங்கு பேசும்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை பேச்சில் பின்தங்கினாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாவிட்டாலும் இரண்டு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் கீழ் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு உடனே போங்கள். காது கேளாத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் மொழி நழுவுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், உட்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான்.

இரண்டாம் படி: தலைமையாசிரியருக்குக் கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். நான் எழுதியதைச் சற்றுச் செம்மைப்படுத்திக் கீழே தருகிறேன்.

"பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். பொருள்: என் மகனுக்குக் கற்றலில் உள்ள இடர்ப்பாட்டை மதிப்பிட்டு உதவி ஏற்பாடு செய்ய வேண்டுதல். மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகனுக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் தொடர்ந்து இடர்ப்பாடு உள்ளது. கடந்த இரண்டு மாதத்தில் நான் கவனித்தவற்றின் குறிப்பை இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன்படி, இவனைச் சிறப்பாசிரியர் மூலம் மதிப்பிடவும், வட்டார வள மையத்திற்குப் பரிந்துரைக்கவும், வகுப்பறையில் தேவையான ஏற்பாடுகளைச் செய்யவும் வேண்டுகிறேன். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு படிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியோடு கையொப்பமும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். "முத்திரை எதற்கு அம்மா, நாங்கள் பார்க்க மாட்டோமா?" என்று கேட்பார்கள். "என் கோப்புக்காக வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. அதிலும் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ‘நலம் நாடி’ என்ற செயலி வழியாகக் குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டறிந்து பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது. உங்கள் குழந்தையின் விவரம் அதில் பதிவாகியிருக்கிறதா, கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் சிறப்புத் தேவையுள்ள மாணவராகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே பதிவாகாத குழந்தை, உதவித்தொகைப் பட்டியலிலும் முகாம் பட்டியலிலும் இடம்பெறாது.

மூன்றாம் படி: பரிசோதனை

எதற்கும் முன்பு கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமல் தவித்த ஒரு பெண்ணுக்கு ஓராண்டு முழுவதும் டியூஷன் வைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு மனோதத்துவ நிபுணரின் சோதனைகள். முதலில் அறிவுத்திறன் மதிப்பீடு, அதன்பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கான தனிச் சோதனை. கற்றல் குறைபாட்டுக்குப் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் வகுத்த சோதனைத் தொகுப்பை நடுவண் அரசின் விதிமுறை ஏற்றிருக்கிறது. சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே தரப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும். எட்டு வயதுக்கு முன் சான்றிதழ்தான் கிடைக்காதே தவிர, உதவியைத் தொடங்கத் தடை ஏதுமில்லை. ‘சான்றிதழ் வரட்டும், பிறகு சொல்லிக்கொடுக்கலாம்’ என்று பள்ளி சொன்னால் ஏற்காதீர்கள்.

எங்கே போவது? எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனையும், சற்றுத் தொலைவில் அரசு கண் மருத்துவமனையும் இருக்கின்றன. கை கால் இயக்கக் குறைபாட்டுக்கும் மூளை முடக்குவாதத்திற்கும் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை. பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். அது 2005இல் தொடங்கப்பட்டது. மருத்துவம், பேச்சுப் பயிற்சி, உபகரணம், சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். வடசென்னையிலிருந்து போனால் ஒரு முழு நாள் ஆகிவிடும், ஆனாலும் போகலாம்.

அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவற்றுக்குப் பலரைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திற்கு அனுப்புவார்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயரையே ஏச்சாகப் பயன்படுத்தும் ஊர் இது. என் மாமியார் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நானும் அந்தச் சீட்டை மூன்று மாதம் பீரோவில் வைத்திருந்தேன். 1794இல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மனநல நிறுவனங்களில் ஒன்று அது. அங்கே என் மகனிடம் ஒரு பெண் நிபுணர் ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார், படம் காட்டினார், கட்டைகளை அடுக்கச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்ததும் "அந்த டீச்சர் ரொம்ப நல்லவங்க அம்மா" என்றான். பெயருக்குப் பயந்து யாரும் என்னைப்போல் மூன்று மாதத்தை வீணாக்க வேண்டாம்.

தனியாரிடம் சோதனை செய்வதானால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் என்ன? 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வு உளவியலாளர் ஆகியோர் அங்கே பதிந்திருக்க வேண்டும். எண் சொல்லத் தயங்குபவரிடம் பணம் கட்டாதீர்கள். ஆட்டிசத்தை ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களை நெருங்கவே வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை அதை ஏற்கவில்லை. நகையை அடகு வைத்து லட்சங்களைக் கொட்டிய தாய்மார்களோடு நான் அழுதிருக்கிறேன்.

நான்காம் படி: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றில் உண்டு. கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் (ஏ.டி.எச்.டி.) தனி வகையாக இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும் என்பதால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

விண்ணப்பம் இணையவழியில். தனித்துவ அடையாள அட்டைக்கான தளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றி, மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசியில் செய்ய முடியாதவர்கள் இ-சேவை மையத்திற்குப் போகலாம். மருத்துவக் குழுவின் முன் போகும் நாளில் பழைய மருத்துவக் குறிப்புகள் அனைத்தின் நகலும் உங்கள் நோட்டும் கையில் இருக்கட்டும். குழந்தைக்குச் சாப்பாடும் பிடித்த ஒரு பொருளும் எடுத்துச் செல்லுங்கள். காத்திருப்பு நீளும். களைத்துப்போன குழந்தையின் பதில்கள் அதன் திறமையைக் காட்டாது.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் "அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தினமாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ‘மக்கு’ என்ற முத்திரை அதற்கு முன்பே அவன்மேல் விழுந்துவிட்டிருந்தது. அட்டை அதை அழிக்க உதவியது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இந்த அட்டையை வைத்துத்தான் எல்லாவற்றையும் தரும்: வகுப்பைப் பொறுத்த கல்வி உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், கடும் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கு மாதப் பராமரிப்புத் தொகை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிக் கட்டணங்களும் அதில் ஓரளவு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள். அலைச்சல் மிச்சம்.

ஐந்தாம் படி: வட்டார வள மையம்

பெற்றோர் பலர் கேள்விப்படாத இடம் இதுதான், எனக்கு மிக அதிகம் உதவியதும் இதுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையம் பெரும்பாலும் ஏதாவது ஒரு மாநகராட்சிப் பள்ளி வளாகத்திலேயே இருக்கும். சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இங்கிருந்துதான் பள்ளிகளுக்குப் போகிறார்கள். நாள் முழுதும் உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கான பள்ளி ஆயத்த மையமும் அங்கே இருக்கலாம்.

முதல் நாள் போகும்போது கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்குரிய சிறப்பாசிரியர் யார், எந்தக் கிழமை வருகிறார்? அவர் வராத நாட்களில் வகுப்பாசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரா? இயன்முறைப் பயிற்சி எந்த நாட்களில்? அடுத்த மருத்துவ முகாம் எப்போது? குழந்தையை அழைத்துவரும் போக்குவரத்துப்படியும் வழித்துணைப்படியும் எங்களுக்குப் பொருந்துமா? பெண் குழந்தைக்கான தனி உதவித்தொகையில் பெயர் சேர்ந்திருக்கிறதா?

உபகரண முகாமைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சக்கர நாற்காலிக்கும் கால் தாங்கிக்கும் அளவெடுப்பது ஒரு நாள், கொடுப்பது வேறொரு நாள். இடையில் மாதங்கள் ஓடிவிடும், குழந்தை வளர்ந்துவிடும். பொருந்தாத தாங்கியை ‘இலவசமாகக் கிடைத்ததே’ என்று மாட்டிவிடாதீர்கள், புண்ணாகும். வாங்கும் இடத்திலேயே போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அதை எழுதிக் கொடுங்கள்.

சிறப்பாசிரியர்கள் போதவில்லை என்பது உண்மை. தொடக்க வகுப்புகளில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், உயர் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. நடைமுறையில் ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைகிறார். அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் வரும் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று அவரோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள்.

அந்தத் திட்டத்திற்குத் தனிநபர் கல்வித் திட்டம் என்று பெயர். "வாசிப்பை மேம்படுத்துதல்" என்று எழுதியிருந்தால் அது திட்டமே அல்ல. "டிசம்பருக்குள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு உள்ள மூன்றெழுத்துச் சொற்கள் இருபதைப் பிழையின்றி வாசிப்பாள்" என்று இருக்க வேண்டும். அப்போதுதான் டிசம்பரில் கேட்க முடியும்.

ஆறாம் படி: எந்தப் பள்ளி?

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற கேள்வியை எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். சட்டப்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள, 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ பெற்றோர் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. தேர்வு உங்களுடையது. என் கருத்தைக் கேட்டால், கற்றல் குறைபாடுள்ள குழந்தை வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலேயே, தெருப் பிள்ளைகளோடு படிக்கட்டும். காது கேளாத, பார்வையில்லாத குழந்தைக்குத் தொடக்க ஆண்டுகளில் தனிப் பயிற்சி பெரிய அடித்தளம். அடையாற்றில் பால வித்யாலயா காது கேளாத சிறு குழந்தைகளுக்குப் பேச்சைக் கற்றுத்தருகிறது. பூந்தமல்லியில் அரசுப் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. கோட்டூர்புரம் வித்யாசாகர் 1985 முதல் மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு வேலை செய்கிறது, பலரைச் சாதாரணப் பள்ளிகளுக்குத் தயார்ப்படுத்தியும் அனுப்புகிறது. தியாகராய நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதோடு ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடத்துகிறது. உங்கள் பள்ளி ஆசிரியரை அங்கே அனுப்பும்படி கேட்கலாம்.

கட்டாயக் கல்விச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களில் மாற்றுத்திறன் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பில் சேர்க்க நினைப்பவர்கள் அறிவிப்பு வரும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

கடுமையான குறைபாடுள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியும் சட்டம் தரும் உரிமை. அது குடும்பத்தின் விருப்பமாக இருக்க வேண்டும். மாடி வகுப்பைக் கீழே மாற்ற மனமில்லாத பள்ளி, "வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்களேன்" என்று சொன்னால் அது உரிமையல்ல, வெளியேற்றம்.

ஏழாம் படி: வகுப்பறைக்குள்

செலவே இல்லாத ஏற்பாடுகளிலிருந்து தொடங்குங்கள். முதல் பெஞ்சில் இடம். எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதிருத்தல். கரும்பலகையில் இருப்பதைக் காப்பியெடுப்பதற்குப் பதில் பக்கத்து மாணவியின் நோட்டை நகலெடுத்துக்கொள்ளுதல். வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதி. நடக்க முடியாத குழந்தை இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றுதல். இவற்றுக்கு எந்த ஆணையும் நிதியும் தேவையில்லை.

கழிவறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். சக்கர நாற்காலி நுழையாத கழிவறை உள்ள பள்ளியில், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளர்ந்த பெண் பிள்ளைகள் அந்த மூன்று நாட்களில் பள்ளிக்கே போவதில்லை. பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் முதலில் கழிவறையைத் திறந்து பாருங்கள். கைப்பிடி உண்டா, கதவு அகலமா, தண்ணீர் வருகிறதா?

பள்ளி மறுத்தால்

"எங்களிடம் அதற்கான வசதி இல்லை அம்மா, வேறு நல்ல இடமாகப் பாருங்கள்." இந்த வாக்கியத்தை நானும் கேட்டிருக்கிறேன், பெயர் பெற்ற ஒரு பள்ளியின் குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது சட்டம். "இதையே எழுதித் தாருங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறும். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினாலும் அதே பதில்தான். நீங்களாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் விரும்பிப் போனதாகிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால், தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர். கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் வழி கேட்கலாம். குழந்தையை அடித்தாலோ இழிவுபடுத்தினாலோ 1098. திங்கட்கிழமைகளில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் பதிவெண் கிடைக்கும். இறுதியாக, காமராஜர் சாலை லேடி வெலிங்டன் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம். மாநில ஆணையருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. ஒவ்வொரு மனுவிலும் முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நகலை இணையுங்கள். முத்திரை வாங்கி வைத்த அந்த முதல் தாளின் மதிப்பு அப்போது தெரியும்.

பொதுத்தேர்வு

பத்தாம் வகுப்புச் சலுகைக்கான வேலை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு, தரைத்தள அறை ஆகியவை குறைபாட்டின் தன்மைக்கேற்பக் கிடைக்கும். மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல், இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி எழுதலாம். இந்த இரண்டும் பொருந்தாத குழந்தைக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். அதைத் தோல்வியடைந்தவர்களின் வழியாகப் பார்ப்பது பெரும் தவறு.

மொழி விலக்கை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். எந்த மொழி பிள்ளைக்குக் கடினம், மேற்படிப்பில் எது தேவை என்று சிறப்பாசிரியரோடு பேசி முடிவு செய்யுங்கள். எளிதாக வாய்மொழியில் சொல்லக்கூடிய பிள்ளைக்கு, எழுதுபவர் கிடைத்தாலே விலக்கு தேவைப்படாமல் போகலாம்.

எழுதுபவரைப் பெறுவது பாதி வேலை, அவருக்குச் சொல்லப் பழகுவது மீதி. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. மனதில் உள்ள விடையை வாக்கியமாக்கி, நிறுத்தி, அவர் எழுதி முடிக்கும்வரை அடுத்ததைப் பிடித்து வைத்திருப்பது தனித் திறமை. கணக்கில் இன்னும் கடினம்: "எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ், இவை முழுவதும் அடைப்புக்குள், கீழே இரண்டு" என்று சொல்ல வேண்டும். படத்தை எங்கிருந்து எங்கே வரைவது என்றும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே பள்ளியில் எழுதுபவரைக் கேட்டு வாங்கினோம். சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். முதல் நாள் அரை மணி நேரத்தில் மூன்று விடைதான் முடிந்தது. டிசம்பரில் முழுத் தாளும் முடிந்து பத்து நிமிடம் மீந்தது.

அனுமதி ஆணை வந்ததும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்: பெயர், பதிவெண், எந்தெந்தச் சலுகை. தேர்வு மையத்திற்கு ஒரு வாரம் முன்பே குழந்தையை அழைத்துப்போய் அறையையும் கழிவறையையும் காட்டுங்கள். தேர்வு நாளில் ஆணையின் இரண்டு நகல்கள் கையில் இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்பில் வேறு பள்ளியில் சேர்ந்தால், சேரும் அன்றே அந்த ஆணையின் நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள். புதிய தலைமையாசிரியருக்கு உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நகலில் தேதியும் முத்திரையும் வாங்க மறக்காதீர்கள்.